உள்ளிருந்து போட்ட தையல்

அந்த ஒரு தையலுக்கு மட்டும் முடிச்சைக் காணோம்.

மற்ற எல்லாவற்றையும் அவள் விரலால் தடவித் தடவிப் படித்துவிட்டாள். எந்தத் தையல் எங்கே தொடங்குகிறது, எங்கே நூல் மாறுகிறது, எங்கே முடிச்சு விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பார்த்துப் பிரதி எடுப்பதுதான் வேலை என்றான பிறகு சொல்லத் தெரியாவிட்டால்தான் அசிங்கம். பழைய உடை நைந்துபோய்விட்டது, இழைக்கு இழை அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று நாடகக் கம்பெனி அவளைக் கீழ்த்தளத் தையலறையில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது. ஜன்னல் இல்லாத அறை. குழல்விளக்கை அணைத்துவிட்டால் பட்டப்பகலும் நடுராத்திரியும் அங்கே ஒன்றுதான். சுவரில் உயரமாக ஒரு ஸ்பீக்கர். மேலே மேடையில் யாராவது தும்மினாலும் கீழே வந்து சொல்லிவிடும்.

உடை என்பது சும்மா பேருக்கு. அந்த இசை நாடகத்தின் கடைசிக் காட்சியில் ஒரு ராணி வருவாள். கோட்டையை விட்டு வெளியே வராமலே இருந்து இருந்து, கடைசியில் கோட்டையாகவே ஆகிப்போனவள். அவளுக்கான உடை இது. சக்கரம் வைத்த சின்னக் கோபுரம் என்றே சொல்லலாம். இடுப்பிலிருந்து தரைவரை எஃகு வளையங்கள், அவற்றின்மேல் கரும்பச்சை வெல்வெட், வெல்வெட் முழுக்க ஜரிகையில் சின்னச் சின்ன ஜன்னல்கள். நடிகை முதுகுப்பக்கத் திறப்பு வழியாக உள்ளே புகுந்து, நடுவில் இருக்கும் பலகையில் ஏறி நின்று, மேல்சட்டைக்குள் கைகளை நுழைத்துக்கொள்ள வேண்டும். உள்துணி அவள் காலைச் சுற்றி ஒரு குழாய்போல நேராக இறங்கும். வெளித்துணியோ வளையங்களின்மேல் படர்ந்து அகலமாக விரியும். இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு வெற்றிடம். ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அதில் உட்காரலாம், ஆனால் எதற்காக உட்காரப் போகிறார்கள்?

குழாயின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஓடிய தையல்தான் அது. பின்தையல். பின்தையலுக்கு முகமும் உண்டு, முதுகும் உண்டு. தைக்கிறவர் பக்கம் முத்துக் கோத்த மாதிரி சீராக இருக்கும். மறுபக்கம் நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முறுக்கிக்கொண்டு கிடக்கும். இங்கே அவள் விரலில் பட்டது முறுக்கு. துணியை அழுத்தித் தடவியபோது அந்தப் பக்கம் கடுகளவில் ஒரு முடிச்சு உருண்டது. அதாவது, தைத்தவர் இருந்தது வெற்றிடத்துக்குள்ளே. வெற்றிடத்துக்கோ, அடியிலும் பலகை அடைத்திருந்ததால், வேறு வாசல் கிடையாது. இந்தத் தையல்தான் அதற்குக் கதவு.

முதலில் இதைத் தைத்துவிட்டு மற்றதையெல்லாம் பிறகு மூடியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் இடுப்புப் பட்டியின் தையல்மேலும் அடிப்பட்டியின் தையல்மேலும் அது ஏறிப் போயிருந்தது. கடைசியாகப் போட்ட தையல் அதுதான், சந்தேகமே இல்லை. உள்ளங்கையைத் துணியில் வைத்து அழுத்தினாள். காலி. உள்ளே எலி இருந்தால் உண்டு, வேறு யார் இருக்கப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டாள். அந்த அறையில் தனியாகச் சிரித்தது அவளுக்கே பிடிக்கவில்லை. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா! இன்னிக்கு என் பாட்டு முடிஞ்சதும் லைட் போடுறவர் கை தட்டினார், தெரியுமா? அந்த ஆளு சம்பளத்த ஏத்தினாக்கூட தட்ட மாட்டாரு."

தங்கை மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தாள். ராணி அவள்தான். வருஷக்கணக்காகக் கடைசி வரிசையில் மரமாகவும் அலையாகவும் கூட்டத்தில் ஒருத்தியாகவும் ஆடிவிட்டு, இப்போதுதான் ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, அவளுக்கென்று கிடைத்திருந்தது. அம்மா போனதிலிருந்து அவளுக்குத் தலை வாரிவிட்டு ஆளாக்கியவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தப் பாட்டின் குடுமி இந்த உடையின் கையில் இருந்தது. கடைசி ஒத்திகைக்கு நாடகத்தின் உரிமையாளர்கள் சார்பில் ஒருவர் வருவார். பழையதையும் புதியதையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒப்பவில்லை என்றால் உடை மேடை ஏறாது. உடை ஏறாவிட்டால் காட்சியையே வெட்டிவிடுவார்கள்.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லடி. ஒரு தையல் மட்டும் பிடிபடல."

"உனக்கா? நம்புற மாதிரி ஏதாவது சொல்லு."

அவள் தங்கையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். இந்தப் பெண்ணுக்காக எதை வேண்டுமானாலும் தைக்கலாம் என்று தோன்றியது.

உடையறைப் பொறுப்பிலிருந்த பெண்மணியை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அச்சு மேடம் என்றுதான் சொல்வார்கள். வாயைத் திறந்தால் 'அச்சு அசலா இருக்கணும்'. கண்ணாடிச் சங்கிலி கழுத்தில் ஆட, புதிய உடைக்குள் தலையை விட்டு அங்குலம் அங்குலமாகத் தடவுவார். அவள் அந்தத் தையலைக் குழாய்ப் பக்கமிருந்தே போட்டு, முடிச்சை நீள ஊசியால் அந்தப் பக்கம் இழுத்துப் புதைத்திருந்தாள். தையல்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். மேடத்தின் விரல் நேராக அங்கே போய் நின்றது.

"இது முகம் மாறியிருக்கே."

"வெளிய தெரியாது மேடம்."

"வர்றவருக்குத் தெரியும். பிரி."

பிரித்தாள். வளைந்த ஊசியை வைத்துக்கொண்டு தையலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். தொளதொளவென்று வந்தது. மேடம் உதட்டைப் பிதுக்கி, அதையும் பிரிக்கச் சொன்னார்.

"உள்ள போய் உக்காந்தாதான் மேடம் இப்படி வரும். உள்ள போய்த் தச்சா அப்புறம் எப்படி வெளிய வர்றது? இத எப்படித்தான் போட்டாங்களோ."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதப் போட்டவளும் உன்ன மாதிரி ஒருத்திதானே. அவ எப்படிப் போட்டாளோ, நீயும் அப்படியே போடு."

கோபமாகவும் சொல்லவில்லை, விளையாட்டாகவும் சொல்லவில்லை.

கடைசி ஒத்திகையன்று காலையில் எல்லோரும் மேலே போய்விட்டார்கள். அதற்குள் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்; அதில் கொஞ்சம் பெருமைகூட. உள்ளே புகுந்து மேலிருந்து கீழே தைத்துக்கொண்டே வருவது. அடியில் ஒரு முழம் விட்டுவிடுவது. அதன் வழியாக நெளிந்து வெளியே வந்து, அந்த ஒரு முழத்தை மட்டும் வெளியிலிருந்து மூடிவிடுவது. அவ்வளவு கீழே குனிந்து பார்க்கவேண்டும் என்று வருகிறவருக்கு என்ன தலையெழுத்தா?

ஒப்பிடுவதற்காக இரண்டு உடைகளையும் முதுகோடு முதுகாக நிறுத்தியிருந்தார்கள். நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடம். இரண்டின் முதுகுத் திறப்புகளும் கொக்கி மாட்டாமல் விரிந்து கிடந்தன. கத்தரிக்கோலை மேஜையிலேயே வைத்தாள். இருட்டில் முனை பட்டு வெல்வெட் கிழிந்தால் எல்லாம் போச்சு. போன் சார்ஜில் இருந்தது. ஊசி, நூல், பல்லிடுக்கில் ஒரு சின்ன டார்ச். குழாய்க்குள் புகுந்து, தைக்காமல் விட்டிருந்த இடப்பக்கத்து வழியாக வெற்றிடத்துக்குள் போய் நின்றாள்.

புது வெல்வெட்டின் தூசு நெடியும் பசையின் புளித்த வாசனையும் வளையத்தில் பூசிய எண்ணெயின் வாடையும் சேர்ந்து மூக்கை அடைத்தன. சக்கரமும் எஃகும் மைக்கில் கிறீச்சிட்டுவிடக் கூடாதென்று வெளித்துணியின் உட்புறத்தில் தடித்த ஃபெல்ட் கம்பளியை இரட்டையாக வைத்துத் தைத்தது அவளேதான்; இப்போது அந்த ஃபெல்ட் அறையின் மின்விசிறிச் சத்தத்தையும் ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்த ஒத்திகையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்க்க, அவள் மூச்சு எங்கும் போக வழியில்லாமல் சூடாகத் திரும்பி அவள் முகத்திலேயே வந்து படிய, ஊசி துணியில் இறங்கும் பொட்டென்ற ஒலியும் நூல் இழுபடும் சர்ரென்ற ஒலியும் மட்டும்தான் உலகத்தில் மிச்சம் இருந்தன. குனிந்து நின்று தொடங்கினாள், முழங்காலிட்டாள், பிறகு குந்தினாள். தையல் முத்து முத்தாக இறங்கியது. இத்தனை நாள் அழவைத்த தையல், உள்ளே வந்ததும் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது அவளுக்கு.

நூலை இழுத்தாள். சர். இழுத்து முடித்த பிறகு இன்னொரு சர். கொஞ்சம் தள்ளி.

எதிரொலி என்று நினைத்தாள். ஃபெல்ட்டுக்குள் ஏது எதிரொலி என்று பிறகுதான் தோன்றியது. அடுத்த தையலுக்கு ஊசியைக் குத்தி, நூலை இழுக்காமல் நிறுத்தினாள். காத்திருந்தாள்.

சர்.

அவள் கை அசையவில்லை.

மேலே யாரோ திரைச்சீலை இழுக்கிறார்கள். ஏசிக் குழாய். எலி. ஆமாம், எலி. காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. தைக்காமல் விட்ட ஒரு முழம் அவள் முகத்துக்கு நேரே, கொஞ்சம் கீழே, வாயைத் திறந்துகொண்டிருந்தது. குனிந்து அதன் வழியாக டார்ச்சைக் காட்டினாள். குழாயின் உள்புறம் தெரிந்தது. குழாயைத் தாண்டி இந்த உடையின் முதுகுத் திறப்பு. அதைத் தாண்டிப் பழைய உடையின் முதுகுத் திறப்பு. அதற்குள்ளே, நேர் எதிரே, அந்த உடையின் இடப்பக்கத் தையல்.

தையலுக்குப் பக்கத்தில் துணி லேசாகப் புடைத்தது. விரல் நுனி அளவுக்கு ஒரு புடைப்பு. மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. நின்றது. திரும்பக் கொஞ்சம் மேலே போய்த் தடவியது. மறுபடி இறங்கியது. தையல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்க்கிற விரல். அவள் இத்தனை நாளும் எப்படித் தடவினாளோ அதேமாதிரி.

அடியிலிருந்த கடைசித் தையலருகே அது நின்றது. துணி கூம்பியது. கூம்பின் நுனியில் ஏதோ பளிச்சென்றது. ஊசி முனை. உள்ளிருந்து வெளியே. கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு வந்து, டார்ச் வெளிச்சத்தை நோக்கித் திரும்பியது.

வெளியே ஓட வேண்டுமானால் அந்த ஒரு முழத்தின் வழியாகத்தான் தலையை நீட்ட வேண்டும். அதன் பக்கமாக. அதன் கைக்கு எட்டுகிற தூரத்தில்.

பயந்தவர்கள் என்ன செய்வார்கள்? கதவைச் சாத்துவார்கள். தாழ்ப்பாள் இருந்தால் தாழ்ப்பாள். அவள் கையில் இருந்தது ஊசி.

தைத்தாள். குத்து, இழு. குத்து, இழு. அந்தப் பக்கமும் சர். சர். சர். வேகமாக. அவள் இன்னும் வேகமாக. விரலைக் குத்திக்கொண்டாள். பரவாயில்லை. முக்கால் முழம். ஒரு சாண். எதிரே என்ன வருகிறது என்று பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன். நாலு விரல். இரண்டு. கடைசித் தையல். இரட்டை முடிச்சு. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சத்தம் நின்றது.

அப்பாடா என்று ஃபெல்ட்டில் சாய்ந்தாள். இனி அது வர முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு நடுங்கி முடியும்வரை அப்படியே இருந்தாள். பிறகு, இத்தனை வருஷத்துப் பழக்கம், முடித்த தையலை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். சீராக இருந்தது. முத்து முத்தாக. முகம் அவள் பக்கம். முடிச்சு அவள் பக்கம்.

அப்போதுதான் புரிந்தது.

பிரித்துவிடலாம். எத்தனை பிரித்திருக்கிறாள். ஊசி முனையால் கடைசித் தையலை நெம்பினாள். நூல் எழுந்தது, ஊசியை எடுத்ததும் மறுபடி துணிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மறுபடி நெம்பினாள். மறுபடி படுத்தது. நகத்தால் கீறினாள். துணியைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தாள். நாடகம் முடிகிறவரை உழைக்கட்டும் என்று கெட்டித் துணியாகப் பார்த்துப் பார்த்து எடுத்தவளும் அவள்தான். கத்தினாள். குரல் வாயைவிட்டுப் போனது, எங்கேயும் போய்ச் சேரவில்லை. முகத்துக்கு முன்னாலேயே தணிந்து அவிந்தது. டார்ச் மங்கியது. மேஜைமேல் போன் அதிர்ந்தது, கிணற்றின் அடியில் கேட்பதுபோல. தங்கையாகத்தான் இருக்கும். அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கால் மரத்துப்போனது. தொண்டை வறண்டு காற்றுதான் வந்தது. படியில் காலடிகள். ஒன்றல்ல, நிறைய.

"போன இங்கயே போட்டுட்டு எங்க போயிட்டா?" தங்கையின் குரல். பக்கத்தில்.

"தூங்காம வேல பாத்தவ, எங்கயாவது போய்ச் சாஞ்சிருப்பா. விடு." இது மேடம். குழாய்த் துணியின் மறுபக்கத்தில் ஒரு விரல் வந்து பட்டது. இடுப்புப் பட்டியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது. அவள் அந்த விரலைத் துணியோடு சேர்த்து அழுத்தினாள். பிடித்தாள். கெஞ்சினாள். விரல் நிதானமாக நழுவிக் கீழே போய், முடிச்சைத் தொட்டுப் பார்த்துத் திரும்பியது.

"பாருங்க சார். அச்சு அசல்."

ஒரு ஆண்குரல் ஏதோ சொன்னது. "சரியா இருக்கு" என்பது மட்டும் கேட்டது. மேலே ஏற்றச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, கைதட்டல். தங்கை சிரித்தாள், அழுதுகொண்டே சிரிக்கிற அவளுடைய சிரிப்பு. "அக்கா வரட்டும், அப்படியே கட்டிப் புடிச்சுக்கப் போறேன்."

வராதே. உள்ளே வராதே. கண்ணு, வராதே.

பலகை முனகியது. தங்கையின் கால் துணிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. வெதுவெதுப்பு தெரிந்தது. அக்கா நெற்றியை அதில் வைத்து முட்டினாள். முட்டி முட்டி முட்டினாள்.

"மேடம், இங்க ஏதோ புடைப்பா இருக்கு. முழங்காலுல இடிக்குது."

"ஃபெல்ட் சுருண்டிருக்கும்."

"கதகதப்பா வேற இருக்கு."

"அசையாம நில்லு. நாலு தையல் போட்டா அமுங்கிடும்."

மேடத்தின் மூச்சு நெருங்கியது. துணி அவள் முகத்துக்கு எதிரே கூம்பியது. ஊசி உள்ளே வந்தது. நீள ஊசி. பின்னாலேயே நூல்.

பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும். விடக் கூடாது. விடாவிட்டால் இழுப்பார்கள், வராது, ஏன் என்று பார்ப்பார்கள். கத்தரியைக் கேட்பார்கள். திறப்பார்கள். அந்தப் பக்கம் நூல் சுண்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள்.

"எங்கயோ மாட்டிக்கிச்சே."

"மெதுவா இழுங்க மேடம், புதுத் துணி. அக்கா என்னைக் கொன்னே போட்டுடும்."

அவள் விரல்கள் தளர்ந்தன. அவள் தளர்த்தவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மங்கிப்போன மஞ்சள் வெளிச்சத்தில் அவளுடைய வலதுகை ஊசியைத் திருப்பிப் பிடித்தது. நூலை இழுத்துச் சீராக்கியது. முந்தைய துளைக்குப் பக்கத்தில், அரிசி அளவு தள்ளி, சரியான இடமாகத் தேடியது. இடதுகை தன் முன்கையைக் கொண்டுபோய்த் துணியோடு சேர்த்து வைத்து, சுருக்கமில்லாமல் நீவிக் கொடுத்தது. ஊசி சட்டைக்கையில் இறங்கியது. சதையில் இறங்கியது. துணியைத் தாண்டி வெளியே போனது.

"ஆங், இப்ப வழுக்கிட்டு வருது," என்றார் மேடம்.

நூல் இழுபட்டது. முன்கை துணியோடு ஒட்டிக்கொண்டது. அவள் வாயைத் திறந்தாள். ஊசி மறுபடி உள்ளே வந்தது, இந்தமுறை கொஞ்சம் மேலே, கன்னத்துக்கு நேராக. அவளுடைய வலதுகை அதை வாங்கிக்கொள்ள ஏற்கெனவே விரலை விரித்துக் காத்திருந்தது.